தொரட்டி சார்

போன ஞாயிற்றுக்கிழமை காலை மொட்டைமாடியில் நின்று முருங்கைக்காய் பறித்துக்கொண்டிருந்தேன். உச்சிக்கிளையில் ஒரு காய், நல்ல முற்றல், ஒரு வாரமாக எனக்குப் போக்குக் காட்டிக்கொண்டு தொங்கியது. துரட்டியை எட்டிப் போட்டு இழுத்தேன். காய் வரவில்லை. துரட்டிதான் இரண்டாகப் பிரிந்து, மேல்பாகம் கைப்பிடிச் சுவரில் பட்டு என் காலடியில் விழுந்தது. உடைந்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். குனிந்து எடுத்துப் பார்த்தால் மரத்தில் ஒரு கீறல்கூட இல்லை. இரண்டு பாகத்தையும் சேர்த்துக் கட்டியிருந்த மெழுகுநூல் நைந்து அறுந்திருந்தது, அவ்வளவுதான். ஒன்பது வருஷத்து வெயிலையும் மழையையும் அது தாங்கியதே பெரிது.

கீழ்ப்பாகம் என்னைவிட உயரமான மூங்கில் கழி. மேல்பாகம் ஒன்றரை முழ நீளத்தில் பூவரசு மரத்தில் செதுக்கியது. அதன் ஒரு முனையில் கைக்கு அடங்கும் பிடி இருக்கும். மறுமுனையில் பிடியைத் திரும்பிப் பார்த்தாற்போலச் சாய்ந்த ஒரு சின்ன முள். யார் பார்த்தாலும் துரட்டி என்றுதான் சொல்வார்கள். முதன்முதலில் பார்த்த அன்று நானும் அப்படித்தான் சொன்னேன். வினையே அந்தச் சொல்லில்தான் தொடங்கியது.

அதைச் செய்தவரை எங்கள் தொழிற்சாலையில் ‘தொரட்டி சார்’ என்றால்தான் தெரியும். அவர் சோதனைப் பிரிவில் சார்ஜ்மேன். ராணுவத்துக்குப் போகும் உதிரிப் பாகங்களை அளந்து பார்த்து, சரி, சரியில்லை என்று சொல்வது அவர் வேலை. நான் எஸ்டாப்ளிஷ்மென்ட் செக்‌ஷனில் கிளார்க். லீவு, குவார்ட்டர்ஸ், மெமோ, விசாரணை என்று ஆட்களைப் பற்றிய காகிதமெல்லாம் என் மேஜை வழியாகத்தான் போகும். எங்கள் அலுவலகம் தொழிற்சாலை கேட்டுக்கு வெளியே, குவார்ட்டர்ஸை ஒட்டி இருந்தது. அதனால் யார் எதைக் கையில் வைத்துக்கொண்டு வந்தாலும் கேட்க ஆளில்லை. ஒரு சனிக்கிழமை அவர் லீவு விண்ணப்பம் கொடுக்க வந்தார். குள்ளமான மனிதர், எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை, சட்டைப் பையில் ஒரு குட்டி ஸ்கேல். கக்கத்தில் நியூஸ்பேப்பரில் சுற்றிய ஏதோ ஒன்று. பேப்பர் விலகி முள் மட்டும் வெளியே தெரிந்தது.

“இன்னா சார் அது, தொரட்டியா?” என்று கேட்டேன். மேனாம்பேட்டில் பிறந்து மேனாம்பேட்டிலேயே வாழ்க்கைப்பட்டவள் நான். அலுவலகத்தில் எவ்வளவு கட்டுப்படுத்தினாலும் ஆர்வம் வந்தால் எங்கள் ஊட்டுப் பேச்சு வாயில் வந்துவிடும்.

அவர் முகம் சுருங்கியது. “இல்லைங்க மேடம். எறிகோல்,” என்றார். பக்கத்து மேஜைக்காரர், “சிவகங்கைக்காரர்தானே நீங்க, வளரியா அது?” என்று எட்டிப் பார்த்தார். அதற்கும் இல்லை என்றார். வளரி தானே பறந்து போய் அடிக்கும், இது கையை விட்டே போகாது, ஈட்டியைத்தான் போக வைக்கும் என்றார். எங்களுக்குப் புரியவில்லை. புரியவில்லை என்பது முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். பையிலிருந்து ஸ்கேலை எடுத்தார். என் மேஜையிலிருந்து ஒரு பென்சிலையும் ஒரு துண்டு ரப்பரையும் எடுத்துக்கொண்டார். ஸ்கேலின் நுனியில் ரப்பரைச் செருகி, பென்சிலின் பின்புறம் ரப்பரில் முட்டும்படி ஸ்கேலின்மேல் படுக்க வைத்து, மணிக்கட்டை லேசாக ஒரு வெட்டு வெட்டினார். பென்சில் நாலு மேஜையைத் தாண்டிப் போய்ச் சுவர் காலண்டரில் குத்திவிட்டுக் கீழே விழுந்தது. செக்‌ஷனே திரும்பிப் பார்த்தது.

“நம்ம கை இம்புட்டுத்தான் மேடம். இதைப் பிடிச்சா கை இன்னும் ஒண்ணரை முழம் நீளுது. கை நீண்டா வேகம் கூடும். வில்லு அம்பெல்லாம் வர்றதுக்கு முன்னாடியே மனுசன் கண்டுபிடிச்சது,” என்றார். ஆஸ்திரேலியாவில், மெக்சிகோவில், பனிக்கடல் ஓரத்தில் என்று எங்கெங்கோ மனிதர்கள் ஒருவரை ஒருவர் பார்க்காமலே இதைச் செய்திருக்கிறார்கள் என்று சொன்னபோது அவருடைய குரலே மாறிப்போனது. அதைக் கவனித்திருந்தால் நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருப்பேன். கவனிக்கவில்லை. அவர் போனதும், “தொரட்டி சாரோட லீவு லெட்டர் எங்கப்பா?” என்று கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். திங்கட்கிழமைக்குள் அந்தப் பெயர் கேட்டைத் தாண்டி உள்ளே போய்விட்டது.

பிறகு பழக்கமானோம். மதியம் சாப்பிட்டுவிட்டு அலுவலகத்துக்கு வெளியே வேப்பமரத்தடியில் நிற்பார். நானும் நிற்பேன். எதற்காக இந்த வேண்டாத வேலை என்று ஒருநாள் நேராகவே கேட்டேன். பள்ளிக்கூடத்தில் ஈட்டி எறிதலில் அவருக்கு அவ்வளவு ஆசையாம். மாவட்டப் போட்டிக்கு ஆள் எடுத்த அன்று விளையாட்டு ஆசிரியர் எல்லாரையும் வரிசையில் நிற்க வைத்துக் கையை நீட்டச் சொல்லியிருக்கிறார். இவர் நீட்டியதும், “ஒனக்குக் கை பத்தாதுடா” என்று சொல்லி ஓரமாக உட்கார வைத்துவிட்டார். அதைப் பெரிய மனக்குறையாக வைத்துக்கொண்டு வளரவில்லை என்றுதான் சொன்னார். ஆனால் நாற்பத்தெட்டு வயதில், கைபேசியில் ஒரு வீடியோவில், தன்னைவிடக் குள்ளமான ஒரு கிழவர் இந்தக் கோலை வைத்து ஈட்டியை ஒரு மைதானத்தின் மறுகோடிக்கு அனுப்புவதைப் பார்த்ததும் அன்றைக்குத் தூக்கம் வரவில்லையாம். “பத்தாத கைக்கு ஒரு வழி இருந்திருக்கு மேடம். எனக்குத்தான் யாரும் சொல்லலை.” இதைச் சொல்லும்போது தன் வலது கையைத் தானே ஒருமுறை பார்த்துக்கொண்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

குவார்ட்டர்ஸில் அவர்கள் வீடு தரைத்தளம். பின்பக்கம் துணி துவைக்கும் கல்லுக்கு அருகில்தான் அவருடைய பட்டறை. புயலில் விழுந்த பூவரசுக் கிளையை வெட்டி, நிழலில் மாதக்கணக்கில் உலர்த்தி வைத்திருந்தார். முதலில் பழைய கிராஃப் தாளில் வரைபடம். அதில் நீளம், அகலம், முள்ளின் சாய்வு எல்லாம் போட்டு, எவ்வளவு கூடலாம், எவ்வளவு குறையலாம் என்பதும் பக்கத்திலேயே குறித்திருப்பார். பிறகு உளி, அரம், உப்புத்தாள். கடைசியில் தேங்காய் எண்ணெய் போட்டுத் துணியால் தேய்ப்பார். தேய்த்து முடித்ததும் அளப்பார். தொழிற்சாலையில் எப்படியோ வீட்டிலும் அப்படியே. பழைய கல்யாணப் பத்திரிகைகளைச் சின்னச் சின்ன அட்டைகளாக வெட்டி வைத்திருந்தார். அளவு சரியாக இருந்தால் பச்சை அட்டை, இல்லாவிட்டால் சிவப்பு.

மஞ்சள் அட்டையும் ஒன்று உண்டு. அதைப் பற்றி அவர் சொன்னது எனக்கு அப்போது சுவாரஸ்யமாக இருந்ததே தவிர, என் வாழ்க்கையில் வந்து ஒட்டும் என்று நினைக்கவில்லை. வரைபடத்துக்குப் பொருந்தவில்லை, ஆனால் வேலைக்கு ஆகும் என்கிற பொருளுக்கு மஞ்சள். அதில் கையெழுத்துப் போடுகிறவர் தன் பொறுப்பில் அதை ஏற்றுக்கொள்கிறார். நாளைக்கு அந்தப் பொருளால் ஏதாவது ஆனால் செய்தவனைக் கேட்க மாட்டார்கள், மஞ்சளில் கையெழுத்துப் போட்டவனைத்தான் கேட்பார்கள். “இத்தனை வருசத்துல நான் மஞ்சள்ல போட்டதே இல்லை மேடம். ஒண்ணு சரி, இல்லைன்னா சரியில்லை. நடுவுல என்ன இருக்கு?” என்பார். அந்தக் கறார்த்தனத்தால் உற்பத்திப் பிரிவில் அவருக்கு நண்பர்கள் குறைவு.

அவர் செய்த எறிகோல்களில் பத்துக்கு எட்டு சிவப்பு அட்டை வாங்கின. அவற்றை அவர் விறகுக்கு ஒதுக்கிவிடுவார். அவருடைய மனைவி, தூத்துக்குடிப் பக்கத்து அம்மா, நல்ல மரத்தை அடுப்பில் வைக்க மனசு வராமல் அக்கம்பக்கத்தில் கொடுத்துவிடுவார். ஒரு வீட்டில் அது உயரக் கொடியில் துணி எடுத்தது. இன்னொரு வீட்டில் முதுகு சொறிந்தது. மூன்றாவது வீட்டில் கம்போடு கட்டி முருங்கைக்காய் பறித்தார்கள். “அவுக செய்யுறது அவுகளைத் தவிர எல்லாருக்கும் பிடிச்சிருக்கு,” என்று அந்த அம்மா ஒருமுறை சொன்னார். பச்சை அட்டை வாங்கியவை இரண்டோ மூன்றோதான். அவற்றில் ஒன்றை மட்டும், ஐந்து மாதம் உட்கார்ந்து செய்ததை, எங்கேயும் கொடுக்காமல் பீரோமேல் துணி சுற்றி வைத்திருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் குவார்ட்டர்ஸ் மதிலுக்கு வெளியே, தண்ணீர் வற்றிக் கிடந்த ஏரிக்குள் போய் எறிந்து பார்ப்பார். பொங்கல் கழிந்து வந்த ஒரு ஞாயிறு, அந்த நல்ல எறிகோலைக் கொண்டு போயிருக்கிறார். புது மூங்கில் கழி, தீயில் வாட்டிக் கூராக்கிய முனை. காற்று பின்னாலிருந்து அடித்ததோ, கை அன்றைக்கு நன்றாக வந்ததோ, கழி அவர் நினைத்த இடத்தைத் தாண்டி, மதிலையும் தாண்டி, குவார்ட்டர்ஸுக்குள் இருந்த சைக்கிள் ஷெட்டின் கூரையில் போய்க் குத்தி நின்றது. ஓட்டையாகிப்போன ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் இன்னொரு ஓட்டை, அவ்வளவுதான் சேதம். ஆனால் அங்கிருந்து பத்தடி தள்ளி ஒரு பெண் சைக்கிளில் காற்று இருக்கிறதா என்று அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பெண் போட்ட கூச்சலில் காவல் பிரிவு ஆட்கள் வந்தார்கள். இவர் மதிலைச் சுற்றிக்கொண்டு ஓடி வந்து, “என்னுதுதான், நான்தான் எறிஞ்சேன்,” என்று மூச்சு வாங்கச் சொன்னாராம். ஓடி ஒளிந்திருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது.

மறுநாள் புகார் என் மேஜைக்கு வந்தது. ‘அடையாளம் தெரியாத ஆயுதம்’ என்று எழுதியிருந்தார்கள். வீட்டிலிருந்து எடுத்த எறிகோல்களும் கழிகளும் துணியில் கட்டி, நம்பர் போட்டு, எங்கள் பீரோவில் வைக்கப்பட்டன. கேட்டுக்கு உள்ளே நாள் முழுக்க ஆயுதத்துக்குப் பாகம் செய்கிற இடத்தில், கேட்டுக்கு வெளியே ஒரு மரத்துண்டு எல்லோரையும் மிரட்டிவிட்டது. நான் இதைச் சொல்லிச் சிரித்தபோது விசாரணைக்குப் போட்ட அதிகாரி சிரிக்கவில்லை. அவர் பாலக்காட்டுக்காரர், பொறுமைசாலி. “பேப்பர்ல ஆயுதம்னு ஒரு வார்த்தை ஏறிப்போச்சுன்னா அப்புறம் என் கையில ஒண்ணும் இல்ல மேடம். குவார்ட்டர்ஸைக் காலி பண்ணச் சொல்லுவாங்க. போலீசுக்கும் எழுதணும்,” என்றார். ஃபேனைப் பார்த்துக்கொண்டே, “வேற வார்த்தை ஏதாவது இருந்தா நல்லது,” என்று யாருக்கோ சொல்வதுபோலச் சொன்னார்.

அன்று மதியம் சார்ஜ்மேனின் மனைவி வந்தார். அலுவலகத்துக்குள் வரவில்லை, வேப்பமரத்தடியில் நின்றுகொண்டு என்னைக் கூப்பிட்டனுப்பினார். மகள் பிளஸ் டூ. குவார்ட்டர்ஸ் பள்ளியில்தான் படித்தாள், மார்ச்சில் பரீட்சை. “இப்பப் போயி வீட்டைக் காலி பண்ணச் சொன்னா அந்தப் புள்ளை எங்க உக்காந்து படிக்கும்? இவுககிட்டச் சொன்னா, நான் செஞ்சதைத்தான எழுதணும்கிறாக. நீங்கதான் எழுதப்போறீகளாம். கொஞ்சம் பாத்து எழுதுங்கம்மா,” என்றார். அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு ஆறுதல் சொல்லித் தப்பித்திருக்க முடியும்.

சார்ஜ்மேன் தமிழில் வாக்குமூலம் கொடுத்தார். நான்கே வரி. ‘இது ஈட்டியைத் தொலைவில் எறிய உதவும் கோல். நான் பொழுதுபோக்காகச் செய்தது. எறிந்தபோது தவறுதலாகக் கூரையில் விழுந்தது. தவறு என்னுடையது.’ அதை நான் ஆங்கிலத்தில் தட்டச்சு செய்ய வேண்டும், அவர் படித்துக் கையெழுத்துப் போட வேண்டும், அதுதான் ஃபைலில் நிற்கும். தட்டச்சு செய்ய உட்கார்ந்தபோது எனக்கு அந்த முதல் சனிக்கிழமை ஞாபகம் வந்தது. நான் வைத்த பெயரே இருக்கிறதே என்று தோன்றியது. தொழிற்சாலையில் பாதிப் பேர் அதைத் துரட்டி என்றுதானே சொல்கிறார்கள், குவார்ட்டர்ஸில் மூன்றாவது வீட்டில் அது முருங்கைக்காய் பறிக்கிறதே, சைக்கிள் ஷெட்டை ஒட்டி ஒரு முருங்கை மரமே நிற்கிறதே. ஈட்டி என்ற சொல்லை எடுத்தேன். எறிந்தபோது என்பதை எடுத்தேன். ‘இது காய் பறிக்கும் துரட்டி. தவறுதலாகக் கூரையில் விழுந்தது. தவறு என்னுடையது.’ அதிகாரியிடம் காட்டினேன். “இது போதும்,” என்றார்.

சார்ஜ்மேன் வந்து, மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, வரி வரியாகப் படித்தார். அவர் எதையும் படிக்காமல் கையெழுத்துப் போட மாட்டார் என்று தெரியும். பேனாவை மூடி மேஜைமேல் வைத்தார்.

“இது தொரட்டி இல்லைங்களே மேடம்.”

“தெரியும் சார். போடுங்க.”

“நீங்க கேலி பண்ணுறப்ப ஒண்ணும் சொன்னதில்லை. இது கவர்மென்ட் காகிதம்.”

“பொண்ணு மார்ச்சுல பரீட்சை எழுதணும் சார்,” என்றேன். எனக்குக் கோபம் வந்துவிட்டது. இவருக்காக ஊரே பதறுகிறது, இவர் என்னவோ சொல்லைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறாரே என்று இருந்தது. அவர் கண்ணாடியைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டார். அதிகாரி அறைக்குப் போய், நாளைக் காலை வரை நேரம் வேண்டும் என்றார். பிறகு இன்னொன்று கேட்டார். பீரோவில் இருந்தவற்றில் அந்த நல்ல எறிகோலையும், கூரையில் குத்திய கழியையும் ஒரே ஒரு நாளைக்குத் தர முடியுமா என்று. சாட்சிப் பொருளை எப்படித் தருவது என்று நான் முழித்தேன். அதிகாரி, “கொடுங்க மேடம். அது தொரட்டிதானே,” என்றார்.

மறுநாள் காலை நான் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே அவர் கேன்டீன் பக்கத்து முருங்கை மரத்தடியில் நின்றுகொண்டிருந்தார். கையில் இந்தத் துரட்டி. மூங்கில் கழியின் கூர்முனையை ரம்பத்தால் அறுத்துவிட்டிருந்தார். அந்த இடத்தில் எறிகோலின் பிடியைச் சேர்த்து வைத்து, செருப்பு தைக்கிற மெழுகுநூலால் ஒரு சாண் நீளத்துக்கு நெருக்கமாகச் சுற்றிக் கட்டியிருந்தார். எறிகோலும் ஈட்டியும் ஒன்றாகிவிட்டன. இனி அது எறியாது, எறியப்படவும் செய்யாது. முள் கீழே பார்த்துக்கொண்டிருந்தது. அண்ணாந்து பார்த்து, ஒரு காயின் காம்பில் முள்ளை மாட்டி, மெதுவாக இழுத்தார். காய் விழுந்தது. அதை எடுத்துத் துடைத்து, என்கூடவே நடந்து வந்து, என் மேஜைமேல் வைத்தார். “இப்பக் குடுங்க மேடம்,” என்று காகிதத்தை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். தேதியும் போட்டார்.

வாக்குமூலத்தைப் பொய்யாக விட அவருக்கு மனமில்லை. அதைத் திருத்தச் சொல்லவும் வீட்டு நிலைமை விடவில்லை. அதனால் பொருளைத் திருத்திவிட்டார். ஐந்து மாத வேலை, அவரே பச்சை அட்டை போட்டது. இதையெல்லாம் நான் அந்த முருங்கைக்காயைப் பார்த்துக்கொண்டே புரிந்துகொண்டேன். சாரி சார் என்று சொல்லியிருக்கலாம். சொல்ல வரவில்லை.

எச்சரிக்கையோடு ஃபைல் மூடப்பட்டது. துரட்டியை அவர் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. “ஒங்க வீட்ல மரம் இருக்குன்னீங்களே, வச்சுக்கங்க,” என்று என்னிடமே விட்டுவிட்டுப் போனார். மகள் பரீட்சை எழுதி நல்ல மார்க் வாங்கினாள், கல்லூரிக்குப் போனாள். ஏரிக்குள் ஞாயிற்றுக்கிழமைகளில் யாரும் போகவில்லை. வேப்பமரத்தடியில் பார்த்தால் வணக்கம் சொல்வார், நலம் கேட்பார். எறிகோல் என்ற சொல் அதற்குப் பிறகு எங்களுக்குள் வரவே இல்லை. எனக்கு அது கோபமாகத்தான் பட்டது. கறாரான மனிதரை ஒரு பொய்யில் கையெழுத்துப் போட வைத்துவிட்டேன், அவர் ஆசையாகச் செய்ததை அவர் கையாலேயே பாழாக்க வைத்துவிட்டேன் என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு என்மேலேயே வெறுப்பு வரும். அவர் ஓய்வுபெற்று ஊருக்குப் போன அன்று பிரிவுபசாரத்தில் பேசிய எல்லோரும் ‘நம்ம தொரட்டி சார்’ என்று செல்லமாகச் சொல்லிச் சிரித்தார்கள். நான் பின்வரிசையில் உட்கார்ந்துகொண்டேன். அவருடைய ஊர் நம்பர் என்னிடம் இருந்தது. ஒரு பொங்கலுக்குக்கூடக் கூப்பிட்டதில்லை. நானும் ஓய்வுபெற்று வீட்டோடு இருக்கிறேன். இந்தத் துரட்டியை எடுக்கும்போதெல்லாம் அந்த மேஜை ஞாபகம் வரும். ஆனாலும் எடுப்பேன். காய் பறிக்க வேண்டுமே.

போன ஞாயிறு அது பிரிந்து விழுந்தபோது, மிச்சமிருந்த நூலைப் பிரித்துவிட்டுப் புதிதாகக் கட்டலாம் என்று மாடியிலேயே உட்கார்ந்தேன். சுற்றுக்கு அடியில், கோலின் பிடிக்கும் மூங்கிலுக்கும் நடுவில், பால் பாக்கெட் பிளாஸ்டிக்கில் மடித்து ஏதோ இருந்தது. பிரித்தேன். கல்யாணப் பத்திரிகையில் வெட்டிய ஒரு மஞ்சள் அட்டை. ஓரங்கள் பழுத்திருந்தனவே தவிர எழுத்து அழியவில்லை. வரைபடங்களில் எழுதுகிற அதே அச்சு எழுத்து.

‘பொருள்: துரட்டி. குறை: வரைபடப்படி எறிகோல். முடிவு: பயன்படும். ஏற்றுக்கொள்ளலாம்.’

கீழே பொறுப்பு என்று போட்டு அவருடைய கையெழுத்து. வாக்குமூலத்தில் இருந்த அதே தேதி. ஆயுளில் மஞ்சளில் கையெழுத்துப் போட்டதே இல்லை என்றவர். அட்டையை மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதேன். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

நம்பர் மாறாமல் இருந்தது. இரண்டாவது மணியில் எடுத்தார்.

“சார், நான் எஸ்டாப்ளிஷ்மென்ட் செக்‌ஷன்...”

“மேடம், சொல்லுங்க. நல்லாயிருக்கீகளா?” ஊருக்குப் போனதும் பேச்சிலும் ஊர் ஏறியிருந்தது.

“நூல் அறுந்துடுச்சு சார்.”

“அப்ப அட்டையைப் பாத்துட்டீக,” என்றார்.

“எம்மேல கோவமா இருக்கீங்கன்னே இத்தினி வருஷம் நெனச்சுக்கினு இருந்தேன் சார்.”

“ஒங்க மேல எனக்கு என்ன மேடம் கோவம்? அந்தம்மா பத்தடியில நின்னாக. கொஞ்சம் எட்டி விழுந்திருந்தா? அதுக்கப்புறம் எனக்கு எறியவே கை வரலை. நீங்க அந்தப் பேரை எழுதலைன்னா, அதை நான் அடுப்புலதான் வச்சிருப்பேன். நீங்க அதுக்கு ஒரு வேலை போட்டுக் குடுத்தீக.” பிறகு சோதனைப் பிரிவுக் குரலில் கேட்டார். “காய் பறிக்குதா?”

“பறிக்குது சார். எங்க தெருவுக்கே பறிக்குது.”

“அப்பச் சரி.”

இப்போதும் செய்கிறீர்களா என்று கேட்டேன். செய்வதாகவும், எறிவதில்லை என்றும் சொன்னார். மகள் மாப்பிள்ளையோடு வரும்போது ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு போய்ச் சுவரில் மாட்டுகிறாளாம். “இங்க ஊரே அதை வளரிங்குது மேடம். இல்லை இல்லைன்னு சொல்லி வாய் வலிக்குது. யாரும் கேக்க மாட்டேங்குறாக,” என்று சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை.

போனை வைத்துவிட்டு இரண்டு பாகத்தையும் கையில் எடுத்தேன். மூங்கிலின் அடிமுனையில் ஒரு குழி உண்டு. தரையில் ஊன்றி ஊன்றித் தேய்ந்தது என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். எறிகோலின் முள்ளை அதில் வைத்துப் பார்த்தேன். அளந்து செய்தாற்போல உட்கார்ந்தது. அளந்துதான் செய்திருக்கிறார். கோலைப் பிடித்து, கழியை அதன்மேல் படுக்க வைத்து, தோளுக்குமேல் ஒருமுறை தூக்கிப் பார்த்தேன். எறியவில்லை. எதிர்வீட்டு மாடியில் துணி காயப்போட ஆள் வரும் நேரம். ஆனால் அந்த ஒரு நிமிஷம் என் கை எவ்வளவு தூரம் நீண்டுவிட்டது என்று தெரிந்தது.

மாடிப்படியில் காபியோடு ஏறி வந்த என் வீட்டுக்காரர் அப்படியே நின்றுவிட்டார். நான் நின்ற கோலம் அப்படி.

“இன்னாமே அது?”

“எறிகோல்,” என்றேன். அதன் பெயரை நான் வாயைத் திறந்து சொன்னது அதுதான் முதல் தடவை.

“நம்மூட்டுத் தொரட்டி எங்க?”

பழைய புடவைக் கரையைக் கிழித்து, கழியையும் கோலையும் சேர்த்து வைத்து, மஞ்சள் அட்டை வெளியே தெரியும்படி சுற்ற ஆரம்பித்தேன். உச்சிக்கிளையில் அந்தக் காய் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது.

“இதான்,” என்றேன். “கட்டினா தொரட்டி.”